மும்பையிலிருந்து திருவரங்கம்: ஒரு விமானப் பொறியாளரின் தரைவழிப் பயணம்

அக்டோபர் 12, 2020, திங்கள் – மும்பை

காலை பத்து மணி வாக்கில் மின்சாரம் போயிற்று. எங்கள் கட்டடத்தில் மட்டும்தான் என்று முதலில் நினைத்தோம். சற்று நேரத்தில் செய்தி வந்தது: மின்தொகுப்பே செயலிழந்து மும்பை, தாணே, நவி மும்பை எல்லாம் ஒன்றாக இருண்டுவிட்டன. லோக்கல் ரயில்கள் போன இடத்திலேயே நின்றன. இந்த நகரத்தில் வெள்ளம் பார்த்திருக்கிறேன், குண்டுவெடிப்பு பார்த்திருக்கிறேன். மின்சாரம் மொத்தமாகப் போய்ப் பார்த்ததில்லை.

கொரோனாவில் விமானத் துறை முடங்கி, வேலையை விட்டு, மும்பையைக் காலி செய்துகொண்டு சொந்த ஊர் திருவரங்கத்துக்குக் கிளம்பும் நேரம். மரோலில் நான்காவது மாடி வீடு. லிஃப்ட் ஓடாததால் அட்டைப்பெட்டிகளைப் படி வழியாகவே இறக்க வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் புத்தகங்கள்: டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் உரிமத் தேர்வுக்குப் படித்தவை, ஒவ்வொரு விமான வகைக்கும் பயிற்சியில் கொடுத்த தடித்த குறிப்பேடுகள். எதிர் வீட்டு குஜராத்தி அம்மாள் என் சமையலறை காலியாகிவிட்டதைப் பார்த்துவிட்டு, மகன் கையில் ஒரு டப்பா நிறைய தெப்லா ரொட்டியும் சுந்தா மாங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பினார். டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம், வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மாதக்கணக்கில் முகக்கவசத்துக்கு மேல் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அண்டை வீட்டார்.

மாலையில் விமான நிலையத்துக்குப் போய் நுழைவு அனுமதி அட்டையை ஒப்படைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏதோ ஒரு விமான நிலையத்தின் அட்டை என் கழுத்தில் தொங்கியிருக்கிறது. கவுன்டரில் இருந்த இளைஞர் அதை வாங்கி, மூலையைக் கத்தரித்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, “நமஸ்தே சார்” என்றார். அவர் எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே அக்டோபர் 12ஆம் தேதி, 2018இல், திருச்சியிலிருந்து துபாய்க்கு 130 பயணிகளுடன் கிளம்பிய ஒரு போயிங் 737, ஓடுபாதை முடிவில் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டு மேலேறியது. சில மணி நேரம் பறந்த பிறகு அதை மும்பைக்குத் திருப்பினார்கள். அடிவயிறு கிழிந்த நிலையில் பத்திரமாக இறங்கியது. எவருக்கும் காயமில்லை. என் சொந்த ஊரில் கிளம்பிய விமானம், நான் வேலை செய்யும் ஊரில் வந்து இறங்கியது. ஒவ்வொரு ரிவெட்டும் ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தால் விமானம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு, பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் நான் அதையே உதாரணமாகச் சொல்வேன்.

இன்று வெளியே வரும்போது, தூரத்து நிறுத்தங்களில் வரிசையாக நிற்கும் விமானங்கள் வேலிக்கு அப்பால் தெரிந்தன. என்ஜின் வாய்களுக்கு உறை. சிவப்பு நாடாக்கள் காற்றில் ஆடின. அவற்றில் சிலவற்றுக்கு அந்த உறையை மாட்டியதே நான்தான்.

அக்டோபர் 14, புதன் – கராட்

நேற்று முழுவதும் மூட்டை கட்டுவதில் போய்விட்டது. இன்று காலை பத்தரைக்குக் கிளம்பினோம்.

விமானம் ஓடுகிறதே, ஏன் காரில் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பெட்டிகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓட்டுநர் தம்பி. பதினைந்து வருடமாக விமானப் பணியாளர்களை வீட்டிலிருந்து ஏற்றி விமான நிலையத்தில் விட்டவர். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். ஹாரன் அடித்ததே கிடையாது. பிறந்தது தாராவி, பூர்விகம் நாங்குநேரி. மார்ச் கடைசியில் விமானங்கள் நின்றதும் அவருடைய ஒப்பந்தமும் நின்றது. இன்னோவாவின் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு வெங்காயம், உருளைக்கிழங்கு ஏற்றினார். போன வாரம் தொலைபேசியில், “ஏதாவது ஓட்டம் இருந்தால் சொல்லுங்கள் சார்” என்று கேட்டபோது டிக்கெட் எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். போகவர டீசலும் டோலும் என் செலவு. அதற்கு மேல் 12,000 ரூபாய். அவர் கேட்டது பத்து.

பூனா விரைவுச் சாலையில் லாரிகளைத் தவிர அதிகக் கூட்டமில்லை. டோல் 270 ரூபாய். காட் என்னும் மலைப்பாதையில் ஏறும்போது மேகம் சாலைக்கே இறங்கிவிட்டது. லோனாவாலாவில் ஒரு பெரிய உணவகத்தில் ஒன்று விட்டு ஒரு மேசையில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட இந்த மாதம் 5ஆம் தேதிதான் அனுமதித்தார்கள், அதுவும் பாதி இருக்கைகளுக்கு. வடாபாவ் இருபது ரூபாய். வடை சூடாக இருந்தது, பூண்டுப் பொடி காரமாக இருந்தது. பரிமாறியவர் தட்டை மேசையின் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அவரிடம் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் நின்று பழகிவிட்டேன்.

பூனாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. வங்கக் கடலிலிருந்து ஆந்திரக் கரை ஏறிய தாழ்வு மண்டலம் நேற்றிரவு ஹைதராபாத்தை மூழ்கடித்துவிட்டு மேற்கே வந்துகொண்டிருந்தது. கம்பட்கி காட் தாண்டும்போது வைப்பர் எந்த வேகத்தில் ஓடியும் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. சாத்தாராவுக்கு முன்னால் வண்டி இடது பக்கம் இழுத்தது.

“டயர் போயிற்று சார். நீங்கள் உள்ளேயே இருங்கள்.”

நான் இறங்கிவிட்டேன். சக்கரம் கழற்றும் இடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. தம்பி ஜாக்கியைப் பொருத்த, நான் குடையையும் டார்ச்சையும் பிடித்தேன். நட்டுகளை அவர் வட்டமாக அடுத்தடுத்து முடுக்காமல் எதிரெதிராக முடுக்கினார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். “நீங்கள்தான் சார். ஒருநாள் ராத்திரி பிக்அப்புக்கு வந்தபோது பஞ்சர். நீங்கள் நின்று பார்த்துச் சொன்னீர்கள்.” எனக்கு அது நினைவில்லை. பின்னால் வந்த ஒரு கரும்பு டிராக்டர்க்காரர் எங்கள் வண்டிக்குப் பின்னால் தன் டிராக்டரை நிறுத்தி, விளக்கைப் போட்டு, நாங்கள் முடிக்கும்வரை மற்ற வண்டிகள் எங்களை உரசாமல் பார்த்துக்கொண்டார். கையில் பணம் கொடுக்கப் போனேன்; தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோலாப்பூர் போவதாகத் திட்டம். கராடிலேயே தங்கிவிட்டோம். அறை 900 ரூபாய். இரவு கடலைமாவில் கிளறிய ஜுன்காவும் சோள பாக்ரி ரொட்டியும் பச்சை மிளகாய்த் துவையலான தேச்சாவும். இருவருக்கும் சேர்த்து 240. நனைந்த உடம்புக்கு அந்தத் தேச்சா மருந்தாக இருந்தது.

இப்போது ஜன்னலுக்கு வெளியே மழை. கிருஷ்ணாவும் கொய்னாவும் சேரும் ஊர் இது. இருட்டில் ஆறு தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்கிறது. மும்பையில் நிற்கும் விமானங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மழையில் யார் போய்ப் பார்ப்பார்கள்?

விமானத்தை நிறுத்தி வைப்பது என்றால் பூட்டிவிட்டுப் போவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பறக்கும் விமானத்தைவிட நிற்கும் விமானத்துக்கு வேலை அதிகம். பராமரிப்புக் கையேட்டில் பத்தாம் அத்தியாயம் முழுக்க அதற்காகவே இருக்கிறது. காற்று வேகத்தை அளக்கும் பிடோ குழாயின் துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவு; மூடாமல் விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். அடுத்து பறக்கும்போது விமானிக்கு வேகம் தப்பாகக் காட்டும். சக்கரங்கள் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகிவிடும். பெயின்டால் அடையாளம் வைத்து, குறித்த நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் உருட்டி வைப்போம். எரிபொருள் தொட்டியின் அடியில் தங்கும் நீரை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாசி போலக் கிருமி வளரும். கழிவறை, சமையல் அறைக் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

என்ஜினுக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய அட்டையையும் வைத்து உறையை மூடுவோம். காய்ந்திருந்தால் அட்டையில் உள்ள வட்டங்கள் நீலமாக இருக்கும். ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பாக மாறும். ஜூலையில் மும்பை மழையில், காலையில் நீலமாகப் பார்த்த அட்டை அடுத்த முறை திறக்கும்போது சிவந்திருக்கும். பைகளை மாற்றுவோம், தேதி எழுதுவோம், கையெழுத்துப் போடுவோம். ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் கரை கடந்தபோது, காலிப் பெட்டியாக நின்ற விமானங்களுக்குக் கனம் கூட்டி, சக்கரக்கட்டைகளை இரட்டிப்பாக்கி, ஒவ்வொரு உறையின் முடிச்சையும் கையால் இழுத்துப் பார்த்தோம். ஒரு உறைகூடப் பறக்கவில்லை.

அப்போது நாங்கள் பாதிச் சம்பளத்தில் இருந்தோம். எங்களோடு அந்த வேலையைச் செய்திருக்க வேண்டிய பலர் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தார்கள். ஏழு நாள் நின்ற விமானத்துக்கு என்ன செய்ய வேண்டும், ஒரு மாதம் நின்றதற்கு என்ன, ஆறு மாதம் நின்றதற்கு என்ன என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்ட மெக்கானிக்குக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நான் இந்தத் துறையோடு சண்டை போடுவதாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் போடுவேன்.

அக்டோபர் 15, வியாழன் – சித்ரதுர்கா

காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பூனாவில் நேற்றிரவு தெருக்களில் வெள்ளம் என்று செய்தி. ஒரு நாள் தாமதித்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம்.

கோலாப்பூரில் முளைப்பயறில் செய்யும் மிசல் சாப்பிட்டோம். பாவுக்குப் பதிலாக ரொட்டித் துண்டுகள், மேலே கட் என்னும் சிவந்த காரக் குழம்பு, பக்கத்தில் ஒரு சிறு வாளியில் இன்னும் கொஞ்சம் கட். எழுபது ரூபாய். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரம்மாள் கேட்காமலேயே ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைத்து, பணம் வாங்க மறுத்தார். கர்நாடக எல்லையில் நெற்றிக்கு நேராக வெப்பமானியைக் காட்டினார்கள். எந்த ஊர், எத்தனை பேர், அவ்வளவுதான். நிப்பாணி தாண்டியதும் வானம் வெளுத்தது. சாலையும் நன்றாக இருந்தது. பெல்காமில் குந்தா என்ற பால் இனிப்பு ஒரு டப்பா வாங்கினேன். தார்வாடில் பேடா. ஊருக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

மும்பைக்கும் சென்னைக்கும் இடையில் ஆயிரக்கணக்கான விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். கீழே இருக்கும் இந்தப் பருத்திக்காட்டையும் மிளகாய் காயப்போட்ட களங்களையும் இன்றுதான் பார்க்கிறேன்.

ஹூப்ளி தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். பத்து ரூபாய்க்கு எலுமிச்சை நிறத்தில் ஒரு கால் கிளாஸ் தேநீர். கடைக்காரரின் மகன் மேலே ஒரு சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தான். முன்பெல்லாம் பார்க்க மாட்டான், இப்போது அபூர்வமாகிவிட்டதால் பார்க்கிறான் என்றார் அப்பா. மே 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்களை மீண்டும் தொடங்கியபோது வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அனுமதி. ஜூன் கடைசியில் 45 சதவீதம், செப்டம்பரில் 60. பன்னாட்டு வழக்கமான சேவைகள் மார்ச் 23லிருந்து இன்னும் நின்றே இருக்கின்றன.

வழியெல்லாம் தம்பி கேட்டுக்கொண்டே வந்தார். “இதற்கு முன்னாலும் கம்பெனிகள் மூடியிருக்கிறார்களே சார். அப்போது நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்?”

சொன்னேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியாருக்கு வானத்தைத் திறந்துவிட்டபோது ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், நம் சென்னையின் என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தார்கள். 1997க்குள் அந்த நான்கும் இல்லை. சென்னையிலிருந்து நான் மும்பைக்கு வந்தது அப்படியொரு நிறுவனத்தை நம்பித்தான், பெயர் வேண்டாம். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனபோது விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களின் ஆட்கள் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் நின்றார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே வேறொரு ஹேங்கரில் நின்றேன். 2001 செப்டம்பருக்குப் பிறகும் 2003இல் சார்ஸ் வந்தபோதும் துறை ஆடியது. அதே 2003இல் ஏர் டெக்கான் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கி, டிக்கெட் விலையை யாரும் நினைக்காத இடத்துக்குக் கொண்டுபோனது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுக்க அங்கிருந்து வந்த பொறியாளர்களை எங்கள் நிறுவனம் நேர்முகத் தேர்வு செய்தது. தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். எனக்குச் சமமான அனுபவம் உள்ளவர்கள் பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்து, மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு கதவு மூடினால் எதிர்ச்சாரியில் இன்னொன்று திறந்திருந்தது. சட்டைப் பையில் உரிமம் இருந்தால் போதும். வளைகுடாவுக்குப் போனவர்கள், சிங்கப்பூர் போனவர்கள் எத்தனையோ பேர். 2020இல் எல்லாக் கதவும் ஒரே வாரத்தில் மூடியது. துபாயில் இருக்கும் நண்பரிடம் வேலை கேட்கலாம் என்றால், அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாவணகெரேயில் இறங்கி பென்னே தோசை. ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, மேலே கரையாத வெண்ணெய்க் கட்டி. காரமில்லாத உருளைக்கிழங்குப் பல்யம், தேங்காய்ச் சட்னி. ஒன்று ஐம்பது ரூபாய். தம்பி மூன்று சாப்பிட்டார். நான் இரண்டோடு நிறுத்தினேன். கடையில் முகக்கவசம் போடாத ஒரே ஆள் முதலாளிதான்.

சித்ரதுர்காவில் இரவு. குன்றுகளின் மேல் காற்றாலைகள். அவற்றின் இறக்கை நுனியைப் பார்த்தால் எனக்கு விமான இறக்கைதான் தெரிகிறது.

அக்டோபர் 16, வெள்ளி – திருவரங்கம்

நாலரைக்குக் கிளம்பியதால் துமகூருக்கு அருகே கியாத்தசந்திராவில் காலை உணவு. தட்டே இட்லி, அகலமாக, பஞ்சு போல. இரண்டுக்கு மேல் யாராலும் முடியாது. நாற்பது ரூபாய்.

பெங்களூருவின் உள்ளே போகாமல் நைஸ் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஓசூர் சாலையைப் பிடித்தோம். பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் நகரின் எதிர்ப்பக்கம் இருக்கிறது. 1990 பிப்ரவரி 14ஆம் தேதி பகல், மும்பையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் அங்கே ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அது நாட்டுக்கு வந்து சில வாரங்களே ஆன புத்தம் புதிய விமானம். அரசாங்கம் மொத்த ஏ320 அணியையும் தரையிறக்கிவிட்டது. மாதக்கணக்கில் அவை நின்றன.

நான் அப்போது மீனம்பாக்கத்தில் பயிற்சி மெக்கானிக். அந்தச் செய்தி வந்த பிற்பகலில் ஹேங்கரில் யாரும் பேசவில்லை. எங்கள் ஃபோர்மேன், ஆங்கிலோ இந்தியர், ரிட்டயராக ஓரிரு வருடமே இருந்தவர், எல்லோரையும் கூப்பிட்டு, கையில் இருக்கும் வேலையை முதலிலிருந்து மறுபடி சரிபார்க்கச் சொன்னார். எங்கள் விமானத்துக்கும் அந்த விபத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் சரிபார்த்தோம். நான் அறிந்த முதல் நெருக்கடி அது. ஒரு வகை விமானம் நின்றாலும் மற்ற வகைகள் அதன் சுமையைத் தாங்கின. எங்களுக்கு ஓவர்டைம்கூடக் கிடைத்தது. இப்போது நாடு முழுக்கப் பறப்பதில் பாதிக்கு மேற்பட்டவை அதே ஏ320 குடும்பம்தான். அன்று இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஓசூர் நுழைவில் ஒரு மணி நேரம் போயிற்று. மகாராஷ்டிர வண்டி, இ-பாஸ் கையில் இருந்தது, ஆனால் அவர்கள் கருவியில் நெட்வொர்க் இல்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் அகமதாபாதிலிருந்து இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு சேலத்துக் குடும்பம். பெண் காவலர் ஒருவர் குழந்தைகளை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். எங்களிடம், “கொஞ்சம் பொறுங்கள் சார், நீங்கள் எங்கேயும் போய்விடப்போவதில்லை, நாங்களும் போகப்போவதில்லை” என்றார். சொன்ன விதத்தில் யாருக்கும் எரிச்சல் வரவில்லை. பெல்காம் குந்தாவைத் திறந்து அந்தக் குழந்தைகளிடம் கொடுத்தேன். அரை டப்பா காலி.

தொப்பூர் இறக்கத்தில் தம்பி இரண்டாம் கியரில் நிதானமாக இறக்கினார். ஓரத்தில் உருண்டு கிடந்த லாரி ஒன்றைப் பார்த்தோம். சேலத்தில் தட்டுவடை செட், இருபது ரூபாய்: காரட், பீட்ரூட், பச்சை, சிவப்புச் சட்னிகள். மும்பையில் எத்தனை சாட் சாப்பிட்டாலும் இந்தச் சுவைக்கு ஈடு இல்லை என்பது என் தீர்ப்பு. நாமக்கல் தாண்டி, தொட்டியம், முசிறி வழியாக வந்தோம். வலது பக்கம் காவிரி கரை தொட்டு ஓடுகிறது. ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்த வருடம். வயல் முழுக்கப் பச்சை.

குணசீலம் அருகே தம்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். “உங்களுக்குப் போக ஒரு ஊர் இருக்கிறது சார்” என்றார். நாங்குநேரியில் அவருக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்ட பத்தை நான் பன்னிரண்டாக்கியது எவ்வளவு சிறிய தொகை என்று அப்போதுதான் உறைத்தது. வீடு வந்து கணக்குத் தீர்க்கும்போது இன்னும் ஐயாயிரம் சேர்த்தேன். வாங்க மாட்டேன் என்றவரிடம் என் மனைவி, “பிள்ளைகளுக்கு நவராத்திரிக்கு, தம்பி” என்று சொல்லிக் கையில் திணித்துவிட்டாள்.

அக்டோபர் 17, சனி – திருவரங்கம்

இன்று நவராத்திரி தொடக்கம், ஐப்பசி முதல் நாள். வீட்டில் கொலுப்படி கட்டினார்கள். மும்பையிலிருந்து வந்த புத்தகப் பெட்டிகளில் நான்கு, துணி போர்த்தப்பட்டு, கீழ்ப்படியாகிவிட்டன.

தம்பி காலையிலேயே கிளம்பிவிட்டார். அரியலூரிலிருந்து தாராவிக்குத் திரும்பும் ஒரு தம்பதி கிடைத்திருக்கிறார்கள். போன மார்ச்சில் ஓடிவந்தவர்கள். தோல் பட்டறையைத் திறந்துவிட்டார்களாம். வண்டி காலியாகப் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

பத்து மணிக்கு மும்பையிலிருந்து ஃபோன். என்னிடம் பயிற்சி பெற்று, போன வருடம்தான் கையெழுத்துப் போடும் உரிமை பெற்ற பையன். ஏப்ரலிலிருந்து நிற்கும் ஒரு 737ஐச் சேவைக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். தீபாவளிக் கூட்டத்துக்கு வேண்டுமாம், மேலிடத்து அவசரம்.

“சார், ப்ளீட் வால்வ் பார்த்தாயிற்று என்று பராமரிப்புக் கார்டில் போட்டிருக்கிறது. ஆனால் பார்த்தவர் செப்டம்பரில் வேலையை விட்டுப் போய்விட்டார்.”

ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் அவசர உத்தரவு போட்டது. ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்த 737களின் என்ஜினில், ஐந்தாம் அழுத்த நிலையிலிருந்து காற்றை வெளியே எடுக்கும் ஒருவழி வால்வு (அவன் சொன்ன ப்ளீட் வால்வ்) துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளலாம். இரண்டு என்ஜின்களும் பறக்கும்போதே நின்றுவிடக்கூடும். என்ஜின் நின்ற நான்கு நிகழ்வுகள் பதிவான பிறகு வந்த உத்தரவு அது. “கார்டை நம்பாதே. திறந்து, உன் கையால் அந்த வால்வின் இதழ்களை அசைத்துப் பார். ஒட்டினால் மாற்று. அதுவரை கையெழுத்துப் போடாதே. யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்” என்றேன். என் பெயருக்கு அங்கே இப்போது எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் அவனுக்கு அது தேவைப்பட்டது.

விமானிக்கு, தொண்ணூறு நாளில் மூன்று டேக் ஆஃபும் மூன்று லேண்டிங்கும் இல்லையென்றால் பயணிகளை ஏற்ற முடியாது. எங்களுக்கு, இரண்டு ஆண்டில் ஆறு மாதம் வேலை செய்த அனுபவம் காட்டினால்தான் உரிமம் செல்லும். கை பழக்கம் விட்டுப்போகும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பிறகு எப்படி அனுபவம் மிகுந்தவர்களை முதலில் வெளியே அனுப்புகிறார்கள்? சம்பளம் அதிகம் என்பதால். நிறுத்திய விமானங்களைத் திரும்ப எழுப்பும் நேரத்தில், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊர்களில் கொலுப்படி கட்டிக்கொண்டிருக்கிறோம். இதைச் செலவுக் குறைப்பு என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். பாதுகாப்பில் கை வைப்பது இது.

பேச்சின் கடைசியில் அவன், தனக்கும் அந்த மின்னஞ்சல் வந்துவிட்டது என்றான். நான் வாங்கியதே அதுதான்: தானாக விலகுவதாக எழுதிக்கொடுத்தால் பாக்கி விரைவில் தீர்க்கப்படும். எழுதிக்கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, வரவில்லை.

மதியம் தபால் நிலையத்துக்குப் போய், பணிக்கொடைக்கான (கிராச்சுவிட்டி) படிவத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சட்டம் 1972இல் வந்தது. 2020இல் அதன் விதி இது: வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம், உச்சவரம்பு 20 லட்சம், கொடுக்க வேண்டிய கெடு முப்பது நாள், தாண்டினால் வட்டி. நிறுவனம் நஷ்டத்தில் இருக்கிறது என்பது அதற்கு விலக்கு ஆகாது. கவுன்டரில் இருந்த அம்மாள் முகவரியைப் படித்துவிட்டு, இந்த வாரம் இதே மாதிரி இரண்டு உறை வந்தது என்றார். திருவரங்கத்திலேயே.

அந்தப் பையனுக்கு எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்; இதைப் படிக்கும் துறை நண்பர்களுக்குப் பயன்படலாம். அனுபவப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் வரை தரப்பிரிவு மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெளியே வந்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது. விமான வகைப் பயிற்சிச் சான்றிதழ்களின் அசலை அலுவலகத்தில் விட்டுவராதீர்கள். சம்பளச் சீட்டுகளை நிறுவன மின்னஞ்சல் மூடப்படும் முன் இறக்கிக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் கடைசி மாதங்களின் பணம் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தானாக விலகுகிறேன் என்று எழுதும் முன், தர வேண்டிய தொகையையும் தேதியையும் அதே தாளில் அவர்கள் எழுதித் தரட்டும்.